பதினெட்டுக்கும் இருபத்து மூன்றுக்கும் நடுவே

மதுரையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது: "என் மகனுக்கு 15 வயது. 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் மாநில அளவில் நன்றாக ஆடுகிறான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளியை விட்டுவிட்டு முழுநேரமாக டென்னிஸில் இறக்கிவிடலாம் என்கிறார் கோச். ஜூனியரில் ஜெயிக்கிற நம் பிள்ளைகள் பெரிய டென்னிஸுக்குப் போனதும் ஏன் காணாமல் போகிறார்கள்? பணம் மட்டும்தான் பிரச்சினையா?"

நான் இருபது வயதையொட்டி மூன்று வருடம் ஃபியூச்சர்ஸ் போட்டிகளில், அதாவது தொழில்முறை டென்னிஸின் கீழ்மட்டப் போட்டிகளில், ஆடியவன். இப்போது கோவையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இதே கேள்வியோடு மாதம் ஒரு பெற்றோராவது என்னிடம் வந்து உட்காருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் பிள்ளைகளிடம் ஆட்டம் இல்லை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் என இரண்டு ஜூனியர் பட்டங்களையும் வென்றார். சென்னையில் பயிற்சி பெற்ற லியாண்டர் பயஸ் 1990-இல் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன். யூகி பாம்ப்ரி 2009-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜூனியர் சாம்பியன். சுமித் நாகல் 2015-இல் விம்பிள்டன் ஜூனியர் இரட்டையர் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். உலகின் மிகச் சிறந்த பதினேழு வயதுப் பையன்களோடு நின்று ஜெயித்தவர்கள் இவர்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

யூகியின் கணக்கைப் பாருங்கள். 2009-இல் ஜூனியர் சாம்பியன். ஒற்றையர் உலக ரேங்கிங்கில் முதல் நூறுக்குள் அவர் முதன்முதலாக நுழைந்தது 2015-இல். ஆறு வருடம். நாகலுக்கு 2015-இலிருந்து 2024 பிப்ரவரி வரை, கிட்டத்தட்ட ஒன்பது வருடம். நம் சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முதல் நூறுக்குள் வந்தபோது அவருக்கு வயது 29. இது இந்தியர்களுக்கு மட்டும் உள்ள தாமதம் என்று நினைக்க வேண்டாம். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, அதாவது ஐ.டி.எஃப்., பத்து வருடங்களுக்கு முன் எடுத்த கணக்குப்படி, ஆண்களில் முதல் ரேங்கிங் பாயிண்ட் வாங்கியவர் முதல் நூறுக்குள் நுழைய 2000-இல் சராசரியாக 3.7 வருடம் ஆனது. 2013-இல் அது 4.8 வருடம். பெண்களுக்கு 3.4 வருடம் 4.1 ஆனது. இந்த சராசரியும் கரை சேர்ந்தவர்களை மட்டும் எண்ணியது. வழியிலேயே நின்றுபோனவர்கள் அந்தக் கணக்கில் கிடையாது.

ஆக, பதினெட்டு வயதில் ஜூனியர் முடிகிறது. முதல் நூறு என்பது நல்லபடியாகப் போனாலே இருபத்து மூன்றில்தான். உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் இந்த நடு ஐந்து வருடத்தில் இருக்கிறது. அந்த ஐந்து வருடத்துக்கு யார் செலவு செய்வது, யார் கூட இருப்பது, எங்கே போய் ஆடுவது: இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் மேலே வருகிறார்கள்.

சரி, அந்த ஐந்து வருடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

தொழில்முறை டென்னிஸின் அடிப்படி 15,000 டாலர் போட்டி. பெயரில் 15,000 என்று இருப்பதால் வென்றவருக்கு அவ்வளவும் கிடைக்கும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அது அந்த வாரம் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பிரிக்கும் தொகை. நான் பார்த்துவந்த அட்டவணைப்படி ஆண்கள் ஒற்றையர் வென்றவருக்கு 2,160 டாலர். மெயின் டிரா (குவாலிஃபையிங் என்ற தகுதிச் சுற்றுகளைத் தாண்டிய முதன்மைப் போட்டி) முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டாலர், சுமார் பதின்மூன்றாயிரம் ரூபாய். அதிலும் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஒரு வாரத்து ஓட்டல் அறை, சாப்பாடு, பயணம், ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடும் செலவு எல்லாவற்றையும் இதற்கு எதிரே எழுதிப் பாருங்கள். குவாலிஃபையிங்கிலேயே தோற்றால் அதுவும் இல்லை.

செலவில் வெளியே தெரியாத ஒரு கொடுமை உண்டு. போட்டிக்கு இரண்டரை வாரத்துக்கு முன்பே பெயர் கொடுத்துவிட வேண்டும். ஆனால் டிராவில் இடம் கிடைக்குமா என்பது கடைசிவரை இழுக்கும். இடம் கிடைத்தாலும் எந்த நாளில் தோற்போம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டி மலிவாக எடுக்க முடியாது. செவ்வாய்க்கிழமை தோற்றால் சனிக்கிழமை வரை சும்மா அறை வாடகை கொடுத்து உட்காருவதா, கூடுதல் பணம் கட்டி டிக்கெட்டை மாற்றுவதா? நான் ஆடிய காலத்தில் பரிசுப் பணத்தில் பெரும்பகுதி இப்படி டிக்கெட் மாற்றுவதிலேயே கரைந்தது. ஒரு நிறுவனம் ஒரு வருடம் விமானச் செலவை ஏற்பதாகச் சொன்னது. மூன்று மாதத்தில் கையை விரித்துவிட்டது. அதை நம்பி ஒத்துக்கொண்ட போட்டிகளுக்கு அப்பா கடன் வாங்கினார். அந்தக் கடன் தீர ஆறு வருடம் ஆனது. இதனால்தான் ஸ்பான்சர் விஷயத்தில் பெற்றோரிடம் நான் கண்டிப்பாகப் பேசுகிறேன்: கையில் வராத பணத்தை நம்பி ஒரு போட்டிக்கும் பெயர் கொடுக்காதீர்கள்.

பெரிய படத்துக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டுக் கணக்குகளை ஐ.டி.எஃப். ஆராய்ந்தபோது, ஆண்களில் சுமார் 336-ஆம் இடத்தில் இருப்பவரும், பெண்களில் சுமார் 253-ஆம் இடத்தில் இருப்பவரும்தான் வரவும் செலவும் சமமாக நின்றவர்கள். அந்தச் செலவில் கோச்சின் சம்பளம் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். டென்னிஸில் சூதாட்ட முறைகேடுகளை விசாரித்த தனிக்குழு 2018-இல் வெளியிட்ட அறிக்கையும் இதையேதான் சொன்னது. பெயரளவில் தொழில்முறை வீரர்கள் என்று சுமார் 15,000 பேர். கைப்பணம் போகாமல் ஆடுபவர்கள் 250-இலிருந்து 350 பேர். கிரிக்கெட்டில் ரஞ்சி அணியில் ஆடும் பையனுக்கு ஆட்டத்துக்குச் சம்பளம் உண்டு, அணியோடு பயணம் உண்டு, பிசியோ உண்டு. டென்னிஸில் உலக அளவில் 400-ஆவது இடத்தில் இருப்பவர், அதாவது பூமியில் இந்த வேலையை அவரைவிட நன்றாகச் செய்பவர் 399 பேர்தான், கைக்காசு போட்டு ஆடுகிறார். எனக்கு இது இன்றைக்கும் ஆறாத விஷயம்.

நாகல் 2023 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்னதை நீங்கள் செய்தியில் பார்த்திருக்கலாம். அப்போது இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் வீரர் அவர். நான்கு வருடம் முன்பு யு.எஸ். ஓப்பனில் ரோஜர் ஃபெடரரிடமிருந்து ஒரு செட்டைப் பறித்தவர். அவருடைய வங்கிக் கணக்கில் இருந்தது 900 யூரோ. ஒரே ஒரு கோச்சை மட்டும் கூட்டிக்கொண்டு சுற்றினாலும் வருடத்துக்கு ஒரு கோடி ரூபாய் அளவுக்குச் செலவாகிறது, பிசியோவை வைத்துக்கொள்ள வழியில்லை என்றார். அப்புறம் சில மாதங்களிலேயே, 2024 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓப்பனில் மூன்று குவாலிஃபையிங் ஆட்டங்களை வென்று, முதல் சுற்றில் 31-ஆம் தரநிலை (சீடு, அதாவது அந்தப் போட்டியின் முன்னணியாளர் வரிசையில் இடம்) பெற்றிருந்த அலெக்சாண்டர் பப்ளிக்கைத் தோற்கடித்தார். கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை இந்தியர் வென்றது, 1989-இல் ரமேஷ் கிருஷ்ணன் மாட்ஸ் விலாண்டரை வென்றதற்குப் பிறகு அதுதான் முதல்முறை. இரண்டாம் சுற்றுக்குப் போனதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். அடுத்த மாதம் நம் நுங்கம்பாக்கத்தில் சென்னை சாலஞ்சரை (ஃபியூச்சர்ஸுக்கு அடுத்த படிப் போட்டி) வென்று முதல் நூறுக்குள் நுழைந்தார். ஜூலையில் 68-ஆம் இடம்.

நாகலின் ஆட்டம் அந்த நான்கு மாதத்தில் தலைகீழாக மாறிவிடவில்லை. ஒரு வாரம் எல்லாம் கூடி வந்தது. அந்த ஒரு வாரத்துப் பணம் அடுத்த ஒரு வருடத்துக்கு மூச்சு கொடுத்தது. அந்த வாரம் வருவதற்கு முன்பே பணம் தீர்ந்து நின்றுபோன எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஆட்டத்தில் குறையில்லாதவர்கள்.

இன்னொரு தடை ரேங்கிங் ஏணியின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. 15,000 டாலர் போட்டியை வென்றால் 15 பாயிண்ட். முதல் நூறுக்குள் நுழைய ஏறத்தாழ 600 பாயிண்ட் வேண்டும். ஒரு வருடத்து ஆட்டங்களில் மிகச் சிறந்த இருபதுக்கும் குறைவான முடிவுகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அப்படியென்றால், ஒரு பையன் வருடம் முழுக்க இந்த மட்டத்தில் ஆடிய எல்லாப் போட்டியையும் வென்றாலும் 300 பாயிண்டைத் தாண்ட முடியாது. மேலே போக வேண்டுமானால் சாலஞ்சர் போட்டிகளில் ஆட வேண்டும்; அங்கே ஒரு பட்டத்துக்கு 50-இலிருந்து 175 பாயிண்ட் வரை. ஆனால் சாலஞ்சரில் நுழையவே ரேங்கிங் வேண்டும். கீழே பாயிண்ட் மெதுவாகச் சேரும், 52 வாரத்தில் அதுவும் கழிந்துவிடும். போன வருடம் இதே வாரத்தில் வாங்கிய 15 பாயிண்டை இந்த வருடம் திரும்ப வாங்காவிட்டால் ரேங்கிங் சறுக்கும். மூன்று மாதம் கணுக்கால் சுளுக்கோடு உட்கார்ந்த பையன், ஏறிய படிகளில் பாதியைத் திரும்ப ஏற வேண்டும்.

2019-இல் 15,000 டாலர் போட்டிகளுக்கான ஏ.டி.பி. (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) பாயிண்ட்டையே எடுத்துவிட்டு, அதைத் தனி ரேங்கிங் ஆக்கினார்கள். தொழில்முறை வீரர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, இருக்கிறவர்களுக்காவது பிழைப்பு கிடைக்கட்டும் என்பது நோக்கம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான இளம் வீரர்களின் ரேங்கிங் ஒரே நாளில் காணாமல் போனது. எதிர்ப்பு கிளம்பி அதே வருடம் ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள். அந்த எட்டு மாதத்தில் விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

இங்கேதான் பணத்தைவிடப் பெரிய விஷயம் என்று நான் நினைப்பது வருகிறது. எந்த ஊரில் பிறந்தோம் என்பது.

யானிக் சின்னர் 2019 பிப்ரவரியில் இத்தாலியின் பெர்காமோவில் நடந்த சாலஞ்சரில் வைல்டு கார்டு, அதாவது ரேங்கிங் பார்க்காமல் கொடுக்கும் சிறப்பு அனுமதி, வாங்கி ஆடினார். வயது 17. ரேங்கிங் 546. பட்டத்தையே வென்றுவிட்டார். அந்த வருட இறுதியில் 78-ஆம் இடம். அவர் அபூர்வமான ஆட்டக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 546-ஆம் இடத்தில் இருந்த பையன் அந்த டிராவில் நின்றது எப்படி? போட்டி அவருடைய நாட்டில் நடந்தது, வைல்டு கார்டு அந்த நாட்டுச் சங்கத்தின் கையில் இருந்தது. இத்தாலியில் வருடத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட சாலஞ்சர் போட்டிகள் நடக்கின்றன. ஒரு இத்தாலியப் பையன் காரில் நான்கு மணி நேரம் ஓட்டிப் போய் ஆடிவிட்டு, தோற்றால் அன்றிரவே வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம். ஸ்பெயின், பிரான்ஸ் கதையும் இதுதான். ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளில் கிளப் லீக் ஆட்டங்கள் வேறு இருக்கின்றன; வார இறுதியில் கிளப்புக்காக ஆடினால் கையில் பணம் கொடுப்பார்கள். ஃபியூச்சர்ஸில் தோற்ற பல ஐரோப்பிய வீரர்களைத் தாங்கிப் பிடிப்பது இந்தக் கிளப் பணம்தான். கிராண்ட் ஸ்லாமில்கூட 128 பேரில் 104 பேர் ரேங்கிங்கால் நேரடியாக, 16 பேர் குவாலிஃபையிங் வழியாக, மீதி எட்டுப் பேர் வைல்டு கார்டில் வருகிறார்கள். அந்த எட்டில் பெரும்பாலானவை போட்டியை நடத்தும் நாட்டுக்கே போகின்றன.

நமக்கு என்ன இருக்கிறது? 1997-இலிருந்து 2017 வரை நுங்கம்பாக்கத்தில் ஏ.டி.பி. போட்டி நடந்தது. 2009-இல் சோம்தேவ் தேவ்வர்மன் வைல்டு கார்டில் நுழைந்து இறுதி ஆட்டம் வரை போனார். அவருடைய ரேங்கிங் உயர்ந்தது அங்கிருந்துதான். அந்தப் போட்டி 2018-இல் புனேக்குப் போனது, பிறகு இந்தியாவிலிருந்தே போய்விட்டது. இப்போது பிப்ரவரி வாக்கில் சென்னை, டெல்லி, பெங்களூரு, புனே என்று வரிசையாகச் சில சாலஞ்சர்கள். அது முடிந்தால் நம் பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஐரோப்பா போக வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த வாரத்தில் வேறு நாட்டுப் போட்டிக்குப் பாஸ்போர்ட் கையில் இருக்காது. 2025 நவம்பரில் நாகலுக்கே சீன விசா முதலில் மறுக்கப்பட்டு, சமூக ஊடகத்தில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியிருந்தது. முதல் நூறுக்குள் இருந்தவருக்கே அந்த நிலை என்றால், 900-ஆவது இடத்தில் இருக்கும் பையனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் அரசும் சங்கமும் ஒரே ஒரு காரியம்தான் செய்யலாம் என்று என்னிடம் சொன்னால், அகாடமி கட்ட வேண்டாம், பரிசுத் தொகை அறிவிக்க வேண்டாம், தென்னிந்தியாவுக்குள் ரயிலில் போய் ஆடுகிற தூரத்தில் வருடத்துக்குப் பன்னிரண்டு ஃபியூச்சர்ஸ், நான்கு சாலஞ்சர் நடத்துங்கள் என்பேன்.

உடம்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நல்ல மருத்துவர் சொல்வதைக் கேட்பதே சரி. பிரஜ்னேஷ் முழங்கால் எலும்பு முறிவுகளால் இளமையில் கிட்டத்தட்ட ஐந்து வருடத்தை இழந்தார். திரும்பி வந்து 2019-இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் மெயின் டிராவிலும் ஆடி, 75-ஆம் இடம் வரை போனார். யூகியையும் முழங்கால் காயம்தான் ஒற்றையரிலிருந்து தள்ளியது. 15 வயதில் எலும்பு இன்னும் வளர்கிறது. அந்த வயதில் சிமெண்டு கோர்ட்டில் தினம் ஆறு மணி நேரம் ஆட வைத்து, வாரம் ஒரு போட்டிக்கு இழுத்துப் போவது மிகப் பெரிய தவறு. முதுகு வலிக்கிறது என்று பையன் சொன்னால் நம்புங்கள்.

மனசுக்கு நடப்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கோச்சுகள் இதைப் பெற்றோரிடம் பேசுவதில்லை. 32 பேர் கொண்ட டிராவில் வாரம்தோறும் 31 பேர் தோற்கிறார்கள். உங்கள் மகன் இன்றைக்குப் பத்து ஆட்டத்தில் எட்டை வெல்கிறான். மாவட்டத்தில் அவன் பெயர் தெரியும், பத்திரிகையில் படம் வருகிறது. பதினெட்டு வயதில் ஃபியூச்சர்ஸுக்குப் போனால் எதிரே 27 வயதுக்காரர் நிற்பார். அவருக்குப் பெரிய சர்வ் இருக்காது, ஆனால் பந்தைத் தவறவிட மாட்டார். பையன் அடித்த வேகமான பந்தெல்லாம் திரும்பி வரும். வரிசையாக ஏழு வாரம் முதல் சுற்றில் தோற்பது அங்கே சாதாரணம். தோற்ற அன்று மாலை பேச ஆளில்லாத ஊரில், மொழி தெரியாத கடையில் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வருவான். கைபேசியைத் திறந்தால் அங்கே வேறு ஒன்று காத்திருக்கும். இந்தச் சின்னப் போட்டிகளின் ஆட்டங்களிலும் உலகெங்கும் பந்தயம் கட்டுகிறார்கள். தங்கள் பணத்தைத் தோற்றவர்கள் பையனின் கணக்கைத் தேடி வந்து, தாயையும் தங்கையையும் இழுத்துத் திட்டுவார்கள். 2024-இல் மட்டும் 458 ஆட்டக்காரர்களைக் குறிவைத்து சுமார் 8,000 வசைப் பதிவுகள் கண்டறியப்பட்டன. அதில் 40 சதவீதம் பந்தயம் கட்டித் தோற்றவர்களுடையது. அதே பந்தய உலகத்திலிருந்து இன்னொரு குரலும் வரும்: இரண்டாவது செட்டை விட்டுக்கொடு, நீ வென்றால் கிடைப்பதைவிட அதிகம் தருகிறோம் என்று. பணமில்லாமல், தனியாக, தோற்றுக்கொண்டிருக்கும் பத்தொன்பது வயதுப் பையனைத்தான் தேடி வருவார்கள். சிக்கினால் ஆயுள் தடைவரை போகும். இதை உங்கள் மகனிடம் இப்போதே பேசிவிடுங்கள். அப்படி ஒரு செய்தி வந்தால் உடனே புகார் செய்ய வேண்டும், மறைத்தாலே அது குற்றம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ராம்குமார் ராமநாதனை நினைத்துப் பார்க்கிறேன். சென்னைப் பையன். 2017-இல் துருக்கியின் அந்தால்யாவில் அப்போது உலகின் எட்டாம் இடத்தில் இருந்த டொமினிக் தீமைத் தோற்கடித்தார். 2018-இல் நியூபோர்ட்டில் ஏ.டி.பி. இறுதி ஆட்டம் ஆடினார். அதிகபட்ச ரேங்கிங் 111. முதல் சாலஞ்சர் பட்டம் 2021-இல்தான் கிடைத்தது, அதற்கு முன் ஆறு இறுதி ஆட்டங்களில் தோற்றிருந்தார். கிராண்ட் ஸ்லாம் குவாலிஃபையிங்கில் எத்தனையோ முறை நின்றும், ஒற்றையர் மெயின் டிரா கைக்கு எட்டவில்லை. மெயின் டிராவுக்குள் நேரடியாக விடும் 104-க்கும் அவருடைய 111-க்கும் உள்ள தூரம் ஒரு நல்ல வாரம். அந்த ஒரு வாரம் அமைந்திருந்தால் வருடத்துக்கு நான்கு முறை மெயின் டிரா. 2025 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 66,000 பவுண்டு, முக்கால் கோடி ரூபாய்க்கு மேல். அவரை யாராவது தோல்வி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜெனிஃபர் கப்ரியாட்டி 1990-இல் 13 வயதில் தொழில்முறைக்கு வந்து, பதின்வயதிலேயே களைத்து ஒதுங்கிய பிறகு, பெண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான டபிள்யூ.டி.ஏ. வயது வரம்பு கொண்டுவந்தது. சின்ன வயதில் வருடத்துக்கு இத்தனை போட்டிதான் ஆடலாம், வயது ஏற ஏற அந்த எண்ணிக்கை கூடும் என்பது விதி. நல்ல விதி என்றே சொல்வேன். எங்கள் கோவைப் பெண் மாயா ராஜேஸ்வரன் ரேவதி 2025 பிப்ரவரியில், 15 வயதில், மும்பையில் நடந்த டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில் அரையிறுதி வரை போனபோது இங்கே ஒவ்வொரு கோர்ட்டிலும் அதுதான் பேச்சு. ஆனால் பெண் பிள்ளையை வெளிநாட்டுக்குத் தனியே அனுப்ப முடியாது; அப்பாவோ அம்மாவோ வேலையை விட்டுக் கூடப் போக வேண்டும். அதாவது ஒரு சம்பளம் நிற்கும், ஒரு டிக்கெட் கூடும்.

சில நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ஏ.டி.பி. 2024-இல் ஒரு உத்தரவாத வருமானத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. அந்த முதல் வருடத்தில் முதல் நூறு பேருக்குக் குறைந்தது 3 லட்சம் டாலர், 101 முதல் 175 வரை 1.5 லட்சம், 176 முதல் 250 வரை 75,000 டாலர். பரிசுப் பணம் அதற்குக் குறைந்தால் மீதியைக் கொடுப்பது திட்டம். 250-ஐ நெருங்கினால் கிராண்ட் ஸ்லாம் குவாலிஃபையிங்கும் கிடைக்கத் தொடங்கும். விம்பிள்டனில் குவாலிஃபையிங் முதல் சுற்றில் தோற்றவருக்கே 2025-இல் 15,500 பவுண்டு கொடுத்தார்கள். ஆகவே இன்றைய கணக்கில் பிழைப்பின் வாசல் நூறு இல்லை, 250. என்றாலும் 250-க்குக் கீழே இருக்கும் பையனுக்கு இதில் ஒன்றும் கிடையாது, அந்த இடத்தில்தான் அவன் நான்கு வருடம் இருக்கப்போகிறான்.

இப்போது உங்கள் கேள்வியின் அடுத்த பாதி. பள்ளியை விடலாமா? என் பதில், விட வேண்டாம். திறந்தநிலைப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம், தேர்வைத் தள்ளிப்போடலாம், ஆனால் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காமல் விடாதீர்கள். அது வேலைக்கான காப்பு என்று மட்டும் நான் சொல்லவில்லை. அமெரிக்கக் கல்லூரி டென்னிஸுக்கு அதுதான் நுழைவுச்சீட்டு, நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஐந்து வருடத்தைக் கடக்க நான் அறிந்த மிக நல்ல பாலமும் அதுதான்.

சோம்தேவ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்து, 2007, 2008 இரண்டு வருடமும் கல்லூரி ஒற்றையர் சாம்பியன் ஆனார். படிப்பு முடித்துத்தான் முழுநேரம் ஆட வந்தார், 62-ஆம் இடம் வரை போனார். அதே வர்ஜீனியாவில் ஆடியவர்கள்தான் அமெரிக்க வீராங்கனைகள் டேனியல் காலின்ஸும் எம்மா நவாரோவும். கேமரன் நோரி, பென் ஷெல்டன் எல்லாம் கல்லூரி வழி வந்தவர்கள். 2025-இல் நம் சென்னை ஓப்பன் பெண்கள் பட்டத்தை வென்ற இந்தோனேசியாவின் ஜேனிஸ் ட்ஜென் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். அதே வருடம் யு.எஸ். ஓப்பனில் தரநிலை பெற்ற வீராங்கனையைத் தோற்கடித்தார். இந்தோனேசியாவிலும் நம்மைப் போலவே போட்டிகள் குறைவு, தூரம் அதிகம். அவருடைய பாதையை உட்கார்ந்து ஆராயுங்கள்.

கல்லூரியில் கோர்ட், கோச், பிசியோ, ஜிம், சாப்பாடு எல்லாம் கிடைக்கிறது. கூட எட்டுப் பத்துப் பேர் ஒரே அணியாக நிற்கிறார்கள், தோற்ற அன்று பேச ஆள் இருக்கிறது. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை உடம்பு முற்றுகிறது. ஆனால் உதவித்தொகை எல்லோருக்கும் முழுதாகக் கிடைக்காது. 2025 வரை முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் அணிக்கு 8 முழு உதவித்தொகையும், ஆண்கள் அணிக்கு நாலரையும்தான் அனுமதி. ஆண்களுக்கு அதைப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது விதி மாறி அணியின் அளவுக்குத்தான் வரம்பு, ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில். அதனால் ஐ.டி.எஃப். ஜூனியர் போட்டிகளில் கொஞ்சம் ரேங்கிங்கும், ஓரளவு மதிப்பெண்ணும், பேசக்கூடிய ஆங்கிலமும் சேர்ந்தே வேண்டும். மூன்றும் இருந்தால் பதினேழு வயதில் கோச்சுகளுக்கு மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பிக்கலாம்.

அடுத்த இரண்டு வருடத்துக்கு உங்கள் மகனுக்கு நான் எழுதிக் கொடுப்பது இதுதான். பயிற்சி வாரத்தில் ஐந்து நாள் போதும், ஒரு நாளாவது முழு ஓய்வு. இந்தியாவில் நடக்கும் ஐ.டி.எஃப். ஜூனியர் சிறு போட்டிகளில், ஜே30, ஜே60 அளவில், வருடத்துக்கு எட்டிலிருந்து பத்து. பாயிண்ட் பொறுக்குவதற்காக மலிவான டிராவைத் தேடி ஆப்பிரிக்கா, மத்திய ஆசியா என்று பறக்க வேண்டாம்; அந்தப் பணத்தைப் பத்தொன்பது வயதுக்குச் சேர்த்து வையுங்கள். அப்போதுதான் அது உண்மையில் தேவைப்படும். வீட்டை அடமானம் வைக்காதீர்கள். தங்கையின் படிப்புக்கு வைத்த பணத்தைத் தொடாதீர்கள். வெளிநாட்டு அகாடமி இப்போது வேண்டாம். கோச் வருத்தப்பட்டால் இந்தப் பதிலை அவரிடமே காட்டுங்கள், நான் அவரோடு பேசவும் தயார்.

அப்புறம் ஒரு வேலை. சென்னையில் அடுத்த சாலஞ்சர் நடக்கும்போது அவனை நுங்கம்பாக்கத்துக்குக் கூட்டிப் போங்கள். இறுதி ஆட்டத்துக்குப் போக வேண்டாம், தொடக்கத்திலேயே, குவாலிஃபையிங் நடக்கிற நாளில் காலையிலேயே போங்கள். பக்கத்துக் கோர்ட்டுகளில் பத்துப் பேர்கூடப் பார்க்காமல் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். தோற்றவர் தன் ராக்கெட்டுகளைத் தானே பையில் அடுக்கி, நிழலில் உட்கார்ந்து கைபேசியில் டிக்கெட் தேடிக்கொண்டிருப்பார். முடிந்தால் அவரிடம் உங்கள் மகனை இரண்டு நிமிடம் பேச விடுங்கள். பெரும்பாலும் நன்றாகவே பேசுவார்கள். அன்றிரவு மதுரைக்குத் திரும்பும் ரயிலில் அவனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இப்படி ஐந்து வருடம் ஆட உனக்கு ஆசையா? அவன் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள். அதை வைத்துப் பதினேழு வயதுக்குப் பிறகான திட்டத்தை இரண்டு பேரும் உட்கார்ந்து போடலாம்.